வாய் இல்லாத வாயாடி: வோடர் பிறந்த கதை

1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சி. பெல் தொலைபேசி நிறுவன அரங்கில் ஓர் இளம்பெண் விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருக்கிறார். அவர் உதடு அசையவில்லை, விரல்கள்தான் அசைகின்றன. ஒலிபெருக்கியிலிருந்து ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில், "ஷீ ஸா மீ" என்கிறது. அவள் என்னைப் பார்த்தாள்.

"யார் பார்த்தது?" என்று அறிவிப்பாளர் கேட்கிறார். குரல் இப்போது 'ஷீ'யை அழுத்திச் சொல்கிறது. "யாரைப் பார்த்தாள்?" என்றதும் அழுத்தம் 'மீ'க்குத் தாவுகிறது. பெட்டிக்குள் இசைத்தட்டு இல்லை, பதிவு செய்த குரலும் இல்லை. ஒவ்வொரு ஒலியும் அந்த நொடியில் மின்சாரத்தால் உண்டாக்கப்பட்டது. வோடர் என்று பெயரிடப்பட்ட அந்த இயந்திரத்தை உருவாக்கியவர் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் ஹோமர் டட்லி.

கதையின் வேர் அதற்கு 170 ஆண்டுகளுக்கு முன்னால் இருக்கிறது. 1769இல் ஆஸ்திரிய அரசவை அதிகாரி வொல்ஃப்காங் ஃபான் கெம்பலென் பேசும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். சதுரங்கம் ஆடும் 'துருக்கியன்' பொம்மையைச் செய்து ஐரோப்பாவை ஏமாற்றியவரும் இவர்தான். அதற்குள் ஒரு ஆள் ஒளிந்திருந்தான். பேசும் இயந்திரத்தில் மோசடி ஏதுமில்லை. நுரையீரலுக்கு ஒரு துருத்தி, குரல்நாணுக்கு அதிரும் ஒரு தகடு, வாய்க்கு ஒரு ரப்பர் புனல், மூக்குக்கு இரண்டு சிறு குழாய்கள். புனலின் வாயை உள்ளங்கையால் மூடியும் திறந்தும் உயிரொலிகளை அவர் வரவழைத்தார். ஆனால் உள்ளே நாக்கும் இல்லை, பல்லும் இல்லை. அதனால் 'ட', 'க' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ப'வை வைத்தே ஒப்பேற்ற வேண்டியிருந்தது. காற்றை முன்வாயில் மட்டும் அடைத்தால் 'ப'தானே வரும்! 1791இல் இதையெல்லாம் விளக்கி ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

அந்தப் புத்தகத்தைப் பார்த்து இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டன் அதேபோல் ஓர் இயந்திரம் செய்தார். 1863இல் லண்டனில் அதைக் கண்ட பதினாறு வயதுப் பையன் ஒருவன், எடின்பரோ திரும்பியதும் அண்ணனோடு சேர்ந்து பேசும் தலை ஒன்றைச் செய்தான். அது "மா மா" என்று அலற, பக்கத்து வீட்டார் குழந்தை அழுகிறது என்றே நினைத்தார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்.

பெல்லின் பெயரைத் தாங்கிய ஆய்வுக்கூடத்தில் 1920களின் கடைசியில் டட்லியை வாட்டிய கேள்வி இதுதான். அட்லாண்டிக் கடலடிக் கம்பியில் பேச்சை அனுப்புவது எப்படி? குரல் அலை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்கிறது. அவ்வளவையும் தாங்கும் கடலடிக் கம்பி அன்று கிடையாது. டட்லி வாயைக் கவனித்தார். உதடும் நாக்கும் தாடையும் நொடிக்குச் சில முறைதான் அசைகின்றன. சொல்லவரும் சேதி முழுவதும் இந்த மெதுவான அசைவில்தான் இருக்கிறது. வேகமான அதிர்வு அதைச் சுமந்துசெல்லும் வாகனம் மட்டுமே. அப்படியானால் அலையை எதற்கு அனுப்ப வேண்டும்? அசைவின் விவரத்தை மட்டும் அனுப்பினால் போதாதா?

உங்கள் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று நீட்டிப் பாருங்கள். அதிர்வே இருக்காது. "ஆ" என்றால் விரல் நடுங்கும். டட்லியின் இயந்திரத்துக்கும் இந்த இரண்டே மூலங்கள்தான்: குரல்நாண் போல ரீங்கரிக்கும் ஒரு மின்சுற்று, காற்றைப் போல இரையும் இன்னொன்று. மணிக்கட்டுக்குக் கீழே உள்ள சட்டம் எது வேண்டும் என்று தீர்மானிக்கும். பத்து விரலுக்கும் பத்து விசைகள். ஒவ்வொன்றும் ஒலியின் ஒரு பட்டையைக் கூட்டும், குறைக்கும். வாயும் நாக்கும் செய்கிற வேலை இது. கால்மிதி சுருதியை ஏற்றி இறக்கும்.

காற்றை அடைத்து வெடிக்கவிடும் ஒலிகளுக்குத் தனியாக மூன்று விசைகள் இருந்தன. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட ஒலிகள் ஆறு. பேனாவைக் குறிக்கும் 'பென்', ஆள் பெயரான 'பென்' இரண்டையும் நாம் ஒரே எழுத்தில் எழுதுகிறோம். ஆங்கிலக் காதுக்கு அவை இரண்டு ஒலிகள். ஆனால் இரண்டுக்கும் உதடு மூடுவது ஒரே மாதிரிதான். குரல்நாண் எப்போது சேர்ந்துகொள்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதனால் இரண்டு ஒலிக்கும் சேர்த்து ஒரு விசை என்று டட்லி வைத்தார்.

எளிதாகத் தோன்றுகிறதா? 'கான்சன்ட்ரேஷன்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு, ரீங்காரம், இரைச்சல், மறுபடி ரீங்காரம், வெடிப்பு, ரீங்காரம், இரைச்சல், ரீங்காரம். நாம் ஒரு நொடிக்குள் சொல்லிவிடும் சொல்லுக்கு மணிக்கட்டும் பத்து விரலும் காலும் ஒத்துழைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான தொலைபேசி இணைப்புப் பெண்களைச் சோதித்துப் பார்த்து, அவர்களில் சிலரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சரளமாகப் பேசவைக்க அவர்களுக்கே ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. அவர்களுக்குக் கற்றுத்தந்தவர் ஹெலன் ஹார்ப்பர்.

கண்காட்சியோடு வோடரின் கதை முடிந்தது. அதன் உடன்பிறப்பான வோகோடர், பேச்சைத் தானே அளந்து, சுருக்கி, மறுமுனையில் மீண்டும் உண்டாக்கியது. 1943இல் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே ஒட்டுக்கேட்க முடியாத போர்க்காலத் தொலைபேசி அதை வைத்துத்தான் இயங்கியது.

டட்லி 1980இல் காலமானார், செல்பேசி உலகை ஆள்வதற்கு முன்பே. இன்று நீங்கள் செல்பேசியில் பேசும்போது உங்கள் குரல் அலை அப்படியே அடுத்த முனைக்குப் போவதில்லை. தொண்டை என்ன செய்தது, வாய் எந்த வடிவில் இருந்தது என்ற கணக்கே போகிறது. அதை வைத்து அங்கே உங்கள் குரல் புதிதாக உண்டாக்கப்படுகிறது.