எழுதப்படாத சட்டமும் ஒரு கைகுலுக்கலும்: 1962–63 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம்

ஒரு சமூகத்தை ஆளும் விதிகளுள் வலிமை மிக்கவை பெரும்பாலும் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. பாலக்காட்டுக் கல்பாத்தி இதற்கு நமக்கு அருகிலுள்ள சான்று. பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆயினும் அவ்வாண்டுத் தேர்த்திருவிழாவின்போது கல்பாத்தி அக்ரஹாரத் தெருவில் நடந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். எழுதப்பட்ட தீர்மானம் திறந்துவிட்ட தெருவை எழுதப்படாத வழக்கம் மூடியே வைத்திருந்தது.

‘தீண்டாமை’ என்னும் சொல் ஒரு வினையின் எதிர்மறையில் பிறந்தது. தொடாதிருத்தல், நடக்கவிடாதிருத்தல், உடன் உண்ணாதிருத்தல் எனச் ‘செய்யாமை’களால் இயங்கும் ஒழுங்குக்கு ஆணை தேவையில்லை, ஆகவே ஆவணமும் எஞ்சுவதில்லை. இத்தகைய ஒழுங்கு எவ்வாறு உடைகிறது என்பதை விளங்கிக்கொள்ள, 1962–63ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் ஓர் அரிய வாய்ப்பைத் தருகிறது.

மிசிசிப்பி மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் சில அக்காலத்தில் வெள்ளையரை மட்டுமே சேர்த்துக்கொண்டன. கறுப்பின வீரர்கள் உள்ள அணியோடு அவை ஆடக் கூடாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. 1955இல் அம்மாநிலத்தின் ஜோன்ஸ் கவுண்டி இளநிலைக் கல்லூரி, கறுப்பின வீரர்களைக் கொண்ட ஒரு கலிபோர்னியக் கல்லூரியோடு அமெரிக்கக் கால்பந்து ஆடியது. சினமுற்ற சட்டமன்ற உறுப்பினர்கள் நிதியை நிறுத்திவிடுவதாக மிரட்டினர். கல்லூரித் தலைவர்கள் பணிந்தனர். அன்றுமுதல் அது ‘எழுதப்படாத சட்டம்’ ஆயிற்று.

அதன் விலையைப் பெரிதும் கொடுத்தது மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி. பேப் மெக்கார்த்தியின் பயிற்சியில் அது 1959, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் தென்கிழக்குக் கூட்டமைப்பில் முதலிடம் பெற்றது. 1959இல் ஆடிய 25 ஆட்டங்களில் 24இல் வென்றது. அக்கூட்டமைப்பின் முதல் அணிக்குத் தேசியப் போட்டியில் இடம் உண்டு. ஆனால் அங்கே கறுப்பின வீரர்களை எதிர்கொள்ள நேரும். மூன்று முறையும் அணி வீட்டிலேயே தங்கியது. மூன்று முறையும் கென்டக்கி பல்கலைக்கழக அணி சென்றது.

1962 செப்டம்பர் இறுதியில், அதே மாநிலத்தின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவர் சேர்வதை எதிர்த்துப் பெருங்கலவரம் மூண்டது. இருவர் உயிரிழந்தனர், கூட்டாட்சிப் படைகள் வந்தே அமைதி திரும்பியது. அந்தச் சூழலில்தான் புதிய பருவம் தொடங்கியது. மிசிசிப்பி ஸ்டேட் மீண்டும் கூட்டமைப்பை வென்றது.

1963 மார்ச் 2 அன்று பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வர்ட் ஓர் அறிக்கை வெளியிட்டார். உரிய அதிகாரம் படைத்தோர் தடுத்தாலன்றி அணி தேசியப் போட்டிக்குச் செல்லும் என்பது அதன் சாரம். இவ்வாக்கியத்தின் அமைப்பு கவனத்திற்குரியது. கோல்வர்ட் நிறப்பிரிவினையை நேராக எதிர்த்து எதுவும் கூறவில்லை. தடுப்பவர் யார், எந்த அதிகாரத்தால் தடுக்கிறார் என்பதைச் சொல்லும் பொறுப்பை மட்டும் மறுதரப்பின்மேல் சுமத்தினார். அதுவரை ஆடுவதற்கே காரணம் காட்ட வேண்டியிருந்தது. இப்போது ஆடாமைக்கும் காரணம் காட்ட வேண்டியதாயிற்று.

மாநில உயர்கல்வி வாரியம் கூடி, பெரும்பான்மை வாக்கில் கோல்வர்ட்டின் முடிவை ஏற்றது. எதிர்ப்பாளர்களுக்கு நீதிமன்றம் ஒன்றே எஞ்சியது. அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவரும் மாநில மேலவை உறுப்பினருமான பில்லி மிட்ஸ் உள்ளிட்ட இருவர், மார்ச் 13 அன்று இடைக்காலத் தடையுத்தரவு பெற்றனர். எழுதப்படாத சட்டம் தாளில் ஏறியது. ஏறியதும் அதன் வலுக்குறைவு புலப்பட்டது. தாளில் எழுதிய ஆணையை உரியவர் கையில் சேர்ப்பித்தாக வேண்டும். உரியவர் ஊரில் இல்லையென்றால் அது பயனற்றது. மேல்முறையீட்டில் அதை நிறுத்தியும் வைக்கலாம். இரண்டுமே நிகழ்ந்தன. கோல்வர்ட் அலபாமாவுக்கும் மெக்கார்த்தி டென்னசிக்கும் கிளம்பிவிட்டனர். மறுநாள் காலை மாற்று வீரர்கள் முன்கூட்டி விமான நிலையத்துக்கு அனுப்பப்பட்டனர். ஆணையோடு அதிகாரிகள் எவரும் அங்கில்லை என்று அறிந்த பின்னரே முதன்மை வீரர்கள் வந்து விமானம் ஏறினர். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் அத்தடையுத்தரவை நிறுத்திவைத்தார்.

மார்ச் 15 அன்று மிச்சிகன் மாநிலம் ஈஸ்ட் லான்சிங்கில் அவர்களை எதிர்கொண்டது சிகாகோவின் லயோலா பல்கலைக்கழக அணி. வடக்கிலும் ஓர் எழுதப்படாத விதி நிலவியதை இங்கே மறக்கலாகாது. கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகளும் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு மேல் களமிறக்கத் தயங்கின. லயோலாவின் பயிற்சியாளர் ஜார்ஜ் அயர்லாந்து அவ்வரம்பை மீறி ஜெரி ஹார்க்னஸ், லெஸ் ஹண்டர், விக் ரவுஸ், ரான் மில்லர் என நால்வரைத் தொடக்க ஐவரில் வைத்தார். ஹார்க்னஸுக்குக் கூ கிளக்ஸ் கிளான் பெயரில் மிரட்டல் கடிதங்கள் வந்தன.

ஆட்டத்திற்கு முன் இரு அணித் தலைவர்களான ஹார்க்னஸும் ஜோ டான் கோல்டும் களத்தின் நடுவில் கைகுலுக்கினர். ஒளிப்படக் கருவிகள் விடாமல் மின்னின. வழக்கமான ஒரு சடங்கு செய்தியாக மாறியதே, அதுவரை நடைபெறாதிருந்தது எது என்பதைக் காட்டிவிட்டது. முதலில் 7–0 என மிசிசிப்பி ஸ்டேட் முன்னேறியது. முடிவில் 61–51 என லயோலா வென்றது. மோதலோ வசையோ இன்றி ஆட்டம் முடிந்தது. மறுநாள் மிசிசிப்பி ஸ்டேட், கறுப்பின வீரர்கள் இருந்த பௌலிங் கிரீன் அணியை 65–60 என வென்று ஊர் திரும்பியது. அதை வரவேற்க ஆதரவாளர்கள் திரண்டிருந்தனர்.

மார்ச் 23 அன்று லூயிவில் நகரில் இறுதியாட்டம் நடைபெற்றது. முந்தைய இரண்டு ஆண்டுகளின் வெற்றியாளரான சின்சினாட்டியிடம் 15 புள்ளிகள் பின்தங்கியிருந்த லயோலா, சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 60–58 என வென்றது. ஐவரும் மாற்று வீரர் இன்றி முழு ஆட்டமும் ஆடினர். இரு அணிகளின் தொடக்க வீரர் பதின்மருள் எழுவர் கறுப்பினத்தவர்.

ஈஸ்ட் லான்சிங் ஆட்டம் பின்னாளில் ‘மாற்றத்தின் ஆட்டம்’ எனப் பெயர் பெற்றது. அப்பெயரை அளவோடு ஏற்பதே வரலாற்றுக்கு நேர்மை. அதே ஆண்டு ஜூன் 12 அன்று மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில் குடியுரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். மிசிசிப்பி ஸ்டேட்டில் முதல் கறுப்பின மாணவர் ரிச்சர்ட் ஹோம்ஸ் சேர்ந்தது 1965இல்தான். தென்கிழக்குக் கூட்டமைப்பில் முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரராகப் பெரி வாலஸ் களமிறங்க 1967 வரை காத்திருக்க நேர்ந்தது. கறுப்பருக்கு எதிராக ஆடுவது ஏற்கப்பட்ட பின்னும், கறுப்பரோடு ஒரே அணியில் ஆடுவது ஏற்கப்பட நான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

ஆயினும் அப்பருவம் ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. எழுதப்படாத சட்டத்தின் வலிமை, அதை வெளிப்படையாகச் சொல்லும்படி எவரும் கேட்காதிருப்பதில் உள்ளது. கல்பாத்தியில் தீர்மானம் நிறைவேறிய பின்னும் தெருவில் நடந்து காட்ட வேண்டியிருந்தது. நடந்தவர்கள் அடியும் பட்டனர். மிசிசிப்பியிலும் ஒருவர் அறிக்கை எழுதினார், ஆனால் வீரர்கள் விமானம் ஏறிய பிறகே அதற்குப் பொருள் உண்டாயிற்று. வழக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் ஆணைகளைத் தேடுவதோடு நின்றுவிடலாகாது. எந்தெந்தச் செயல்கள் நிகழாமலே போயின, அவை முதன்முறை நிகழ்ந்தபோது யார் எதை எழுத்தில் கொண்டுவர நேர்ந்தது என்பதையும் தேட வேண்டும்.