கையளவு கருவியும் காட்டில் ஒரு தேடலும்

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் காலை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறியது. நம் நாட்டின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். இதுவரை நீங்கள் அறிந்த செய்திதான். அதற்குப் பின் மூன்று மாத காலம், பைன் மரக் காடுகளிலும் முட்புதர்களிலும் சதுப்பு நிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நடந்து தேடினார்களே, அந்தக் கதையை அறிந்தவர் நம்மில் குறைவு. அவர்களுடைய கையில் இருந்த ஒரு சிறு கருவியைப் பற்றியும், அதைச் சரியாகப் படிக்க மனிதர் கற்றுக்கொண்ட வரலாற்றைப் பற்றியும் இங்கே காண்போம்.

ஏன் தேட வேண்டும்? ஓடம்தான் போய்விட்டதே என்று நீங்கள் கேட்கலாம். முதலாவதாக, மாண்டவர்களின் உடற்பகுதிகளைக் கண்டெடுத்துக் குடும்பத்தாரிடம் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டாவதாக, எந்தப் பழுதினால் ஓடம் சிதறியது என்று தெரியாத வரையில் எஞ்சியிருந்த மூன்று ஓடங்களையும் பறக்க விட முடியாது. அந்த வேளையில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மூவர் இருந்தனர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஓடம் மேற்கிலிருந்து கிழக்காகப் பறந்தது. ஆகவே முதலில் கழன்ற துண்டு மேற்கே விழும். பிறகு கழன்றது கிழக்கே விழும். துண்டின் கனமும் வடிவமும் இதைச் சற்று மாற்றும் என்றாலும், பொதுவாகத் துண்டு கிடந்த இடமே அது கழன்ற நேரத்தைச் சொல்லும் சாட்சி. ஊரார் ஒருவர் நல்லெண்ணத்துடன் ஒரு துண்டைத் தூக்கிப் போய்க் காவல் நிலையத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? துண்டு கிடைக்கும், சாட்சியம் போய்விடும். எனவே ஒவ்வொரு துண்டுக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறிக்கப்பட வேண்டும். முச்சந்தியோ மைல்கல்லோ இல்லாத காட்டுக்குள் அதை எப்படிக் குறிப்பது?

இதற்கு விடை 46 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1957 அக்டோபர் 4-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இருவர் அதன் ஒலிக்குறிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கூர்மையாகவும், கடந்து சென்றபின் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதே டாப்ளர் விளைவு வானொலி அலைக்கும் உண்டு. அதிர்வெண் மாறும் விதத்தை அளந்தே அவர்கள் கோளின் பாதையைக் கணித்துவிட்டார்கள். 1958-இல் அவர்களுடைய மேலாளர் பிராங்க் மக்ளூர் இதைத் தலைகீழாகத் திருப்பிக் கேட்டார்: கோளின் பாதை தெரிந்தால், கேட்பவன் நிற்கும் இடத்தைக் கணிக்கலாமே? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் கப்பல்களுக்கான டிரான்சிட் துணைக்கோள் அமைப்பு. அதன் முதல் வெற்றிகரமான கோள் 1960-இல் ஏவப்பட்டது.

அடுத்து வந்த ஜி.பி.எஸ். அமைப்பு அடிப்படையிலேயே வேறானது. 1978 பிப்ரவரியில் அதன் முதல் கோள் ஏவப்பட்டது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள் ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. ‘நான் இன்ன கோள், இப்போது மணி இவ்வளவு’ என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சொல் உங்கள் கையை அடைய ஏறத்தாழ 0.07 வினாடி ஆகும். எவ்வளவு தாமதம் என்று அளந்தால் கோள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தெரியும். மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் கையில் இருப்பது மலிவான கடிகாரம். அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வினாடி பிசகினாலே தொலைவில் 300 மீட்டர் பிசகு வரும். அந்தப் பிசகைக் கண்டு நீக்கவே நான்காவது கோள் வேண்டியிருக்கிறது.

1983 செப்டம்பர் முதல் நாள் வழி தவறிய கொரிய விமானம் ஒன்றைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் இறந்தனர். அதன் பிறகே இந்த இராணுவ அமைப்பைப் பொதுமக்களின் பயணத்துக்கும் திறந்துவிடுவதாக அமெரிக்க அரசு அறிவித்தது. 1989-இல் மெகல்லன் நிறுவனம் கையில் பிடிக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை ஏறத்தாழ 3,000 டாலர்! அப்போது வானில் கோள்களின் எண்ணிக்கையும் நிறையவில்லை. நாளின் சில மணி நேரங்களில் போதிய கோள்கள் தலைக்கு மேல் இரா. முழு அமைப்பும் செயலுக்கு வந்தது 1995-இல்தான். அதிலும் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்ததால் காட்டப்படும் இடம் 100 மீட்டர் வரை விலகியிருக்கும். காட்டில் மயங்கிக் கிடப்பவரைத் தேடுவோர்க்கு 100 மீட்டர் என்பது சிறு தூரமா? 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை கலப்பு நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகிலுள்ள கருவிகள் எல்லாம் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின.

கருவி திருந்திவிட்டது. மனிதர் கற்க வேண்டியது மீதமிருந்தது. இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இந்தப் பகுதியைத்தான். ஏனென்றால் கருவியைக் குறை கூறுவோர் பலர் உண்மையில் தம் வாசிப்பையே குறை கூற வேண்டியவர்கள்.

நாக்கடோச்சஸ் என்ற ஊர் டெக்சாசின் கிழக்கே, துண்டுகள் மிகுதியாக விழுந்த பகுதியில் உள்ளது. அதன் அட்சரேகை 31 டிகிரியைச் சற்றே தாண்டும். அந்தப் பக்கத்தில் ஒருவர் தம் கருவியைப் பார்த்து ‘31 டிகிரி 36.50 நிமிடம்’ என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக்குப் பின் உள்ள 50 என்பது அரை நிமிடம். அதாவது 30 வினாடி. அலுவலகத்தில் இருப்பவர் அதை 36 நிமிடம் 50 வினாடி என்று எண்ணிவிட்டால் 20 வினாடி பிசகு. அட்சரேகையில் ஒரு வினாடி ஏறத்தாழ 31 மீட்டர். ஆக, தேடுவோர் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பார்கள். இன்னொருவர் கருவி முழுவதையும் டிகிரியின் தசமமாகக் காட்டுகிறது, 31.3650 என்று வருகிறது. அதையும் 31 டிகிரி 36.50 நிமிடம் என்று யாரேனும் படித்துவிட்டால்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 0.3650 டிகிரி என்பது 21.9 நிமிடம், வேறுபாடு 14.6 நிமிடம், தூரம் 27 கிலோமீட்டர். கருவி பத்து மீட்டருக்குள் சரியாகத்தான் சொன்னது!

இது வெறும் வகுப்பறைக் கணக்கன்று. கொலம்பியா தேடலின் தொடக்க நாட்களில் காவல் துறையினர், காட்டிலாகாவினர், தொண்டர்கள், இராணுவத்தினர் என்று பலரும் பல கருவிகளில் எடுத்த அளவுகள் பல வடிவில் வந்து சேர்ந்தன. நாக்கடோச்சசில் உள்ள ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் பல்கலைக்கழகத்தின் வனவியல் ஆசிரியர்களும் மாணவர்களும் கருவிகளோடு வெளியே சென்று துண்டுகள் கிடந்த இடங்களைக் குறித்தும், வந்து குவிந்த அளவுகளை வரைபடத்தில் ஏற்றியும் உதவினார்கள். எல்லோரும் ஒரே வடிவில் எழுத வேண்டும் என்ற ஒழுங்கு வந்த பிறகே வரைபடம் நம்பத்தக்கதாயிற்று.

இன்னொரு பொறி வரைபடத்திலேயே இருக்கிறது. பூமி சரியான உருண்டையன்று. எந்த அளவுள்ள, எவ்வாறு நசுங்கிய கோளமாக அதைக் கொள்வது என்பதை அந்தந்த நாட்டு நில அளவையாளர் தத்தம் அளவுகளைக் கொண்டு முடிவு செய்தனர். அமெரிக்காவின் பழைய வரைபடங்கள் 1927-ஆம் ஆண்டின் அடிப்படையில் அமைந்தவை. கருவியோ 1984-ஆம் ஆண்டின் உலக அடிப்படையில் பேசும். இரண்டையும் கலந்தால் மீட்டர்க் கட்டங்களில் ஏறத்தாழ 200 மீட்டர் இடம் பெயரும். நம் நாட்டிலும் இதே கதைதான். 1802-இல் லாம்டன் சென்னையின் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் அளவையின் வழியில், எவரெஸ்ட் 1830-இல் கணித்த கோளத்தையே நம் பழைய வரைபடங்கள் கொண்டுள்ளன. அதன் நடுக்கோட்டு ஆரம் இன்றைய உலக அளவைவிட 861 மீட்டர் குறைவு. பழைய வரைபடத்தோடு கருவியை எடுத்துச் செல்வோர் முதலில் இந்த அடிப்படையைக் கருவியில் சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

சிறு பாடங்களும் உண்டு. அன்றைய எளிய கருவிகள் நீங்கள் நடந்தால்தான் திசையைக் காட்டும், நின்றால் காட்டா. ஆகவே திசைகாட்டியைத் தூக்கி எறியக் கூடாது. ஈரமான அடர்ந்த இலைக்கூரைக்குக் கீழே அலை மங்கும். பாறைச் சரிவில் எதிரொலித்து வந்து ஏமாற்றும். கருவி காட்டும் நேர்க்கோட்டில் ஓடையும் பள்ளமும் குறுக்கிடலாம். மாற்று மின்கலம் இல்லாமல் புறப்பட்டவர் பாடு சொல்ல வேண்டியதில்லை.

இனி காட்டுக்குள் வருவோம். தேடியவர்களில் பெரும்பாலோர் காட்டுத்தீயை அணைக்கும் படையினர். இருபது பேர் ஒரு குழுவாக, சில அடி இடைவெளியில் வரிசை பிடித்து, மழையிலும் குளிரிலும் முட்செடிகளை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். துண்டு ஒன்று கண்ணில் பட்டால் வரிசை நிற்கும். கருவி வைத்திருப்பவர் வந்து இடத்தைக் குறிப்பார். பிறகு வரிசை நகரும். ஒன்றும் கிடைக்காத நடையும் வீணன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காகப் பெர்னார்டு கூப்மன் என்ற கணித அறிஞர் உருவாக்கிய தேடல் கணிதம் இதையே சொல்கிறது: ஓரிடத்தை நன்றாகத் தேடியும் பொருள் கிடைக்கவில்லை என்றால், அது பிற இடங்களில் இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. ஆனால் தேடிய இடம் எதுவென்று உறுதியாகத் தெரிந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும். நடந்த தடத்தை நினைவில் வைத்திருக்கும் கருவி அந்த உறுதியைத் தந்தது.

25,000-க்கும் மேற்பட்டோர் பங்கு கொண்டனர். நடந்தே தேடிய நிலம் ஏறத்தாழ 7 இலட்சம் ஏக்கர். கிடைத்தவை 84,000-க்கும் மேற்பட்ட துண்டுகள். ஓடத்தின் எடையில் 38 சதவீதம். இதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. மார்ச் 27-இல் தேடல் ஹெலிகாப்டர் ஒன்று காட்டில் விழுந்து இருவர் இறந்தனர்.

அதற்கு எட்டு நாள் முன்பு, மார்ச் 19-இல், ஹெம்ஃபில் என்ற ஊரருகே நடந்துகொண்டிருந்த ஒரு வரிசையின் கண்ணில் உலோகப் பெட்டி ஒன்று பட்டது. ஓடத்தின் உணர்கருவிகள் சொன்னதையெல்லாம் காந்த நாடாவில் பதிந்து வைத்திருந்த பெட்டி அது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் நாடா கெடவில்லை. இடது இறக்கையின் முன்விளிம்பில் வெப்பமும் இழுவிசையும் முறை மாறி ஏறியதை அது காட்டியது. வரைபடமும் அதையே சொல்லிற்று: இடது இறக்கையின் துண்டுகள் வலது இறக்கையின் துண்டுகளுக்கு மேற்கே கிடந்தன. மிக மேற்கே, லிட்டில்ஃபீல்டு என்ற ஊரருகே, வெப்பம் தாங்கும் ஓடு ஒன்று கிடைத்தது. ஏவும்போது கழன்ற நுரைப்பொருள் மோதி அந்த இறக்கையில் துளை விழுந்தது என்ற முடிவு இந்தச் சாட்சியங்களால் உறுதிப்பட்டது.

தேடல் 2003-இன் வசந்தத்தோடு முடிந்தது. ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்து, 2011-இன் கடும் வறட்சியில் நாக்கடோச்சஸ் ஏரியின் நீர் வற்றியபோது, சேற்றில் உருண்டையான தொட்டி ஒன்று வெளியே தெரிந்தது. அதுவும் கொலம்பியாவின் துண்டுதான்.