வன்னி வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம்

அரசர்தம் வெற்றி தோல்விகளை மட்டும் வரலாறு எனக் கொள்ளுதல் பொருந்தாது. மக்கள் கையாண்ட கலப்பையும் தோணியும் வண்டியும் அவர்தம் வாழ்வின் சான்றுகளேயாம். அவ்வகையில், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் என்னும் இரு மோட்டார் வண்டிகளை வன்னி நிலத்தில் வைத்து ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

மைனர், அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரால் வடிவமைக்கப்பெற்று 1948இல் இலண்டனில் அறிமுகமாயிற்று. சொமர்செற் 1952 முதல் 1954 வரை உற்பத்தி செய்யப்பட்டது. 1952இல் இவ்விரு நிறுவனங்களும் ஒன்றிணைந்தமையால், மொறிஸ் வண்டியும் ஒஸ்ரின் எஞ்சினையே பெறலாயிற்று. 1956இல் வெளிவந்த மைனர் 1000இன் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றரும் 37 குதிரைவலுவும் உடையது. சொமர்செற்றின் எஞ்சின் 1200 கன சென்ரிமீற்றரும் 42 குதிரைவலுவும் உடையது. எனினும் பின்னையது ஏறத்தாழ 200 கிலோகிராம் பாரம் மிக்கது. ஆதலின் வேகத்திலும் எரிபொருட் சிக்கனத்திலும் மைனரே முந்தி நின்றது.

ஓட்டும் எளிமையிலும் மைனருக்கே முதன்மை. பற்சட்டத்தோடு இணைந்த அதன் சுக்கான் சாரதியின் கைக்கு உடனே இணங்கும். வளைவுகளில் வண்டி நிலைகுலையாது. சொமர்செற்றின் சுக்கானோ அத்துணைக் கூர்மை உடையதன்று. ஆயினும் அதன் கியர்த்தண்டு சுக்கானின் அருகே அமைந்தமையால், முன்னிருக்கையில் மேலும் ஒருவர் நெருங்கி அமர இடமிருந்தது.

இவை செப்பனிட்ட வீதிக்குரிய அளவுகோல்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்வோர் கண்டது வேறு. கோடையிற் கிரவற் புழுதியும் மாரியில் வெள்ளமும் அங்கு இயல்பு. மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் மரையிட்ட மூட்டு, தவறாது கிறீஸ் இடப்படாவிடின் தேய்ந்து கழன்று, சக்கரமே மடிந்துவிடும். தனிச் சட்டகத்தின்மேல் உடல் பூட்டப்பெற்ற சொமர்செற்றோ பாரத்தையும் குலுக்கத்தையும் பொறுக்கவல்லது.

1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இப்பழைய வண்டிகள் மேன்மேலும் பழுதுபார்க்கப்பட்டு ஓடின. உண்மையான சோதனை 1990இன் பின்னரே வந்தது. வன்னிக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட, மண்ணெண்ணெயே எரிபொருளாயிற்று. சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை மிகும், வலு குறையும், எஞ்சின் எண்ணெய் நீர்த்துப்போகும். இருப்பினும் வண்டி நகரும்.

இதன் காரணம் யாதெனின், மண்ணெண்ணெய் மிகுந்த நெருக்கத்தைத் தாங்காது முன்னரே எரிந்து எஞ்சினை இடிக்கச் செய்யும். வழக்கமான மைனர் 1000இல் எரிகலவை 8.3 மடங்கு நெருக்கப்படும், சொமர்செற்றில் 7.2 மடங்கே. மைனரின் முந்திய 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் இவ்வியல்புடையதேனும், அதன் வலு 30 குதிரைவலு மாத்திரமே. எனவே ஆளும் மூட்டையும் நிறைந்த வண்டியை மண்ணெண்ணெயில் இழுத்துச் செல்லும் தகுதியில் சொமர்செற்றே மேம்பட்டது எனலாம்.

2002இல் கண்டி வீதி மீளத் திறக்கப்பட்டபோது புதிய வாகனங்கள் பெருகின. அதன்பின் இவ்விரண்டின் தேவையும் குறைந்தது. இங்கிலாந்தின் வீதிகளில் மைனர் பெற்ற புகழ் தகுதியானதே. ஆயின், நள்ளிரவிற் பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய வேளையில், வண்டியின் உச்ச வேகத்தை எவரும் வினவுவதில்லை; அது புறப்படுமா, இடைவழியில் நில்லாது சென்று சேருமா என்பதே வினா. அவ்வினாவிற்கு விடையளித்த வண்டிகளே வன்னி வரலாற்றில் இடம்பெறத் தக்கன.