யானையின் மூதாதையர்

திருமலைப் படிக்கட்டு அலிபிரியில் தொடங்குகிறது. படிகளின் இருபுறமும் விரியும் சேஷாசலக் காடுகளில் இன்று யானை உண்டு. ஆனால் மலைப் பாறைக்குள் யானையின் புதைபடிவத்தைத் தேடுவது வீண். மலைச்சாலை ஓரத்தில் கருங்கல்லின் மேல் குவார்ட்சைட் படிந்த கோடு தெரியும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 80 கோடி ஆண்டு இடைவெளி. மேலே இருக்கும் கல்லுக்கே சுமார் 160 கோடி வயது. முதுகெலும்புள்ள உயிர் எதுவும் உலகில் தோன்றாத காலம் அது. இந்த மலைக்கு மட்டுமல்ல, துணைக்கண்டத்துக்கே யானையினம் வெளியிலிருந்து, அதுவும் பிந்தி வந்தது.

யானையினத்தின் மிகப் பழைய சான்றுகள் மொராக்கோவில் கிடைத்தன. 6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த எரிதீரியம் ஐந்தாறு கிலோ எடைதான் இருக்கும். எகிப்தின் ஃபாயூம் பாலைவனத்தில் கிடைத்த மொரிதீரியமும் பேலியோமாஸ்டோடானும் அதற்கு வெகுகாலம் பிந்தியவை. அப்போது ஆப்பிரிக்காவும் அரேபியாவும் கடல் சூழ்ந்த ஒரே நிலமாகத் தனித்துக் கிடந்தன. அங்கே பிரிந்த இன்னொரு கிளையின் வாரிசு நமக்கு அருகிலேயே இருக்கிறது: பாக் விரிகுடாவின் ஆவுளியா என்ற கடல்பசு. 2022-இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் காப்பகமாக ஒதுக்கியது இதற்காகத்தான். பெயரில் பசு இருந்தாலும் மரபணு யானையைத்தான் காட்டுகிறது. அதன் பால்காம்புகளும், யானைக்கு இருப்பதுபோல, முன்னங்கால்களுக்கு அருகே மார்பில் இருக்கின்றன.

யானையினம் ஆப்பிரிக்காவில் தோன்றியது என்பதற்கு ஒரு மறுப்பு நெடுநாள் நிலவியது. ஜம்முவின் காலாகோட்டிலும் பாகிஸ்தானிலும் கிடைத்த ஆந்த்ரகோபூனிட் விலங்குகள் 4 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பழையவை; கடைவாய்ப்பல் யானையினத்தை ஒத்திருந்ததால், யானையின் பிறப்பிடம் இந்தப் பக்கமாகவும் இருக்கலாம் என்று கருதப்பட்டது. 2014-இல் வெளியான விரிவான எலும்பு ஆய்வு அவற்றைக் குதிரை, காண்டாமிருகம் சார்ந்த கிளைக்கு மாற்றியது. சிவாலிக் மலைகளில் இத்தனை வகை யானையினங்கள் கிடைத்திருக்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். புதைபடிவ ஆய்வாளர்கள் ஃபால்கனரும் காட்லியும் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே திரட்டியவற்றுள் ஒன்றுக்குப் பிள்ளையார் பெயரையே வைத்தார்கள்: ஸ்டெகோடான் கணேசா. அதன் தந்தங்கள் ஒன்றையொன்று நெருங்கியிருந்ததால் தும்பிக்கை நடுவே தொங்க இடமிருந்திருக்காது, பக்கவாட்டில்தான் தொங்கியிருக்கும் என்கிறார்கள். ஸ்டெகோடான் கிளை ஆசியாவிலேயே தழைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நிறைய வாழ்ந்த இடம் முதலில் தோன்றிய இடமாக இருக்கவேண்டியதில்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் அரேபியா ஆசியாவோடு ஒட்டிய பிறகுதான் இந்த இனங்கள் இங்கே பெருகின.

யானை என்று இன்று நாம் சொல்லும் குடும்பமும் ஆப்பிரிக்காவிலேயே, சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவானது. அதன் கதையைச் சொல்வது கடைவாய்ப்பல். செங்கல் அளவுள்ள அந்தப் பல்லில் கெட்டியான பற்சிப்பித் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. மேற்பரப்பு கொத்திய அம்மி போலிருக்கும். அம்மி தேய்ந்தால் கொத்த ஆள் வேண்டும். பல்லிலோ தகடுகளுக்கு இடையிலுள்ள மென்மையான பகுதி முதலில் தேய்வதால் வரம்புகள் தாமாகவே துருத்தி நிற்கும். முதல் யானைகளின் கடைசிப் பல்லில் ஏழெட்டுத் தகடுகள். ஆசிய யானைக்கு இருபதுக்கு மேல். புல் தின்னத் தொடங்கியதும் பல் மாறிவிடவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கச் சான்றுகளின்படி உணவு மாறிச் சுமார் 30 லட்சம் ஆண்டுகள் கழித்தே பல் மாறியது. வாய்க்குப் பழக்கமாகாத தீனியைத் தேடிப் போகும் துணிச்சல் முதலில் வந்திருக்கிறது.

ஆந்த்ரகோபூனிட்டில் ஏமாற்றிய பல்லை இங்கே எப்படி நம்புவது? உறவுமுறைக்குப் பல்லை மட்டும் நம்பக்கூடாது என்பதே சரி. நர்மதைக் கரையில் எலும்பு கிடைத்த பேருருவமான பேலியோலாக்சோடானை ஆசிய யானைக்கு நெருங்கியதென்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2017-இல் அதன் ஐரோப்பிய உறவினத்தின் மரபணுவைப் படித்தபோது அது ஆப்பிரிக்கக் காட்டு யானையை ஒட்டி நின்றது. ஆசிய யானைக்கு உண்மையில் நெருங்கியது அழிந்துபோன மம்மூத். ஆசிய யானையின் மூதாதையாகக் கருதப்படும் எலிஃபாஸ் ஹைசுட்ரிக்கஸ் சிவாலிக்கில் கிடைத்ததுதான். அதன் பேரினமோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது.

சேஷாசல யானைகளை ‘வழிதவறி வந்தவை’ என்பவர்கள் உண்டு. சித்தூர் மாவட்டத்தில் ஏறக்குறைய 200 ஆண்டுகள் யானை இல்லாதிருந்தது உண்மை. 1980-களில் ஓசூர், பன்னர்கட்டா பக்கக் காடுகளிலிருந்து மந்தைகள் குப்பம், பலமநேர் பகுதிக்கு வந்தன. 1990-இல் அப்பகுதியில் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. சில யானைகள் அங்கே நிற்காமல் வடக்கே சேஷாசலம்வரை நடந்தன. மொராக்கோவிலிருந்து கணக்கெடுத்தால், 6 கோடி ஆண்டு நடையில் இந்தக் கடைசித் துண்டு சில நாள் தொலைவு.