காய்ச்சினாலும் போகாத நஞ்சு: மலையக நீர்த்தேக்கங்களின் பச்சைப் படலம்

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பது முகாம்களிலும் லயன்களிலும் எங்களுக்குப் பழகிப்போன அறிவுரை. வயிற்றோட்டத்துக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் அது சரி. ஆனால் மலையக நீர்த்தேக்கங்களில் சில காலங்களில் மிதக்கும் பச்சைப் படலத்துக்கு அது சரிவராது.

1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தில், 1991இல் மைக்ரோசிஸ்டிஸ் என்ற சயனோபற்றீரியா பெருமளவில் பெருகியது. நுவரெலியாவின் தேயிலை, மரக்கறித் தோட்டங்களில் இடும் பசளையில் ஒரு பங்கு மழையோடு சரிவிறங்கி ஓயாக்களில் கலக்கிறது. அந்த நைதரசனும் பொசுபரசும் தேங்கிய நீரில் இதற்கு உணவாகின்றன.

ஊரில் இதைப் பாசி என்போம். பாடசாலைப் புத்தகத்தில் நீலப்பச்சை அல்கா என்று படித்தோம். உண்மையில் இது பற்றீரியா. ஒட்சிசனை வெளிவிடும் ஒளித்தொகுப்பை உலகில் தொடங்கிவைத்தவை இதன் மூதாதைகள்தான். தேயிலைக் கொழுந்தின் பச்சையவுருமணிகூட ஒரு பழைய சயனோபற்றீரியாவின் வழிவந்தது.

ஆனால் தேயிலைக்கு இல்லாத சில வசதிகள் இதற்கு உண்டு. பச்சையம் அதிகம் பிடிக்காத செம்மஞ்சள் ஒளியை இதன் பைக்கோசயனின் என்ற நிறப்பொருள் பிடித்துக்கொள்கிறது. கலத்துக்குள் உள்ள நுண்ணிய வளிப்பைகள் இதை வெளிச்சத்தை நோக்கி மேலே மிதக்க வைக்கின்றன; மேலே பரவியதும் கீழுள்ள மற்ற அல்காக்களுக்கு வெளிச்சம் மறைகிறது. காபனீரொட்சைட்டு தீர்ந்துபோனால் நீரில் கரைந்துள்ள இருகாபனேற்றை உறிஞ்சி, புரத உறையாலான சிறு அறைக்குள் அதைக் காபனீரொட்சைட்டாக மாற்றிச் செறிவாக்கிக்கொள்கிறது. இந்த உறிஞ்சலுக்கான பரம்பரையலகுகள் எல்லா மைக்ரோசிஸ்டிஸிலும் ஒன்றல்ல. இருகாபனேற்று குறைந்த நீரில் ஒரு வகை முந்தும், நிறைந்த நீரில் இன்னொரு வகை முந்தும். எந்த நிலைமை வந்தாலும் அந்தக் கூட்டத்தில் அதற்கேற்ற ஒன்று இருக்கும்.

நஞ்சும் அப்படித்தான். ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டினை உருவாக்கும் பரம்பரையலகுத் தொகுதி 2000ஆம் ஆண்டில் விபரிக்கப்பட்டது. அது சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். எனவே படலத்தைப் பார்த்து மட்டும் ஆபத்தை அளக்க முடியாது. நீரைப் பரிசோதிக்க வேண்டும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார அமைப்பு மைக்ரோசிஸ்டின் எல்.ஆருக்கு வகுத்த வழிகாட்டல் அளவு.

இந்த நஞ்சு கொதிநீரில் சிதைவதில்லை. கொதிக்கும்போது கலங்கள் உடைந்து உள்ளிருப்பதும் நீரில் கலந்துவிடும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இது கலந்த நீரால் குருதிச் சுத்திகரிப்புச் செய்யப்பட்ட சிறுநீரக நோயாளர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2014இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஏறத்தாழ 5 இலட்சம் பேருக்குக் குழாய்நீரைக் காய்ச்சியும் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள்.

அட்டன் பக்கம் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் நான் பார்ப்பது, ஓடை நீர் தொட்டியில் சேர்ந்து சுத்திகரிக்கப்படாமலே லயன் குழாய்க்கு வருவதைத்தான். ஓடும் நீரில் இந்தப் படலம் இலேசில் உருவாகாது, அந்த வகையில் பீலித் தண்ணீர் மேல். தேங்கிய நீரை நம்பியிருப்பவர்கள், வன்னிக் குளக்கரைகளில் இருப்பவர்களும்தான், பச்சைப் படலம் ஒதுங்கும் கரையில் நீர் அள்ளக்கூடாது. அதில் பிள்ளைகளைக் குளிக்கவும் ஆடுமாடுகளைக் குடிக்கவும் விடக்கூடாது. துருசு போட்டு அதைக் கொல்வதும் ஆபத்து. இறக்கும் கலங்கள் நஞ்சை ஒரேயடியாக நீரில் விட்டுவிடும்.