முதலில் சராசரி, முடிவில் சராசரி

1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் பதிவான 153 நாள் காற்றுத்தர அளவீடுகள், ‘ஏர்குவாலிட்டி’ என்னும் பெயரில் ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியுடனேயே கிடைக்கின்றன. அவற்றுள் 37 நாள்களுக்கு ஓசோன் அளவு இல்லை. ஜூனில் மட்டும் 21 நாள்கள் வெறுமையாக நிற்கின்றன. விடுபட்ட மதிப்புகளை நிரப்பும் செய்முறை விளக்கத்துக்கு ஏற்ற தரவு இது. ஸ்டெஃப் வான் பியூரென் முன்னின்று உருவாக்கிய ‘மைஸ்’ தொகுப்பில், சராசரியிட்டு நிரப்புவதற்கும் பன்முறை நிரப்புவதற்கும் கட்டளை ஒன்றே. அதற்குக் கொடுக்கும் குறிப்புகள் சிலவே வேறு. இரண்டையும் அடுத்தடுத்து இயக்கிப் பார்ப்போம்.

முதலாவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது, தரவின் ஐந்து பிரதிகளை ஐந்து சுற்றுகளில் நிரப்பி, 25 வரிகளைத் திரையில் அச்சிட்டபின் ஓய்கிறது. முதலாவது எத்தனை முறை இயக்கினாலும் ஒரே விடை தரும். இரண்டாவதுக்கு விதை எண் ஒன்றைக் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் விடை சற்றே மாறும்.

இரண்டு நாள்களை எடுத்துக்கொள்வோம். மே 5 அன்று வெப்பநிலை 56 பாரன்ஹீட். ஜூன் 11 அன்று 93. இரு நாளிலும் ஓசோன் பதிவாகவில்லை. முதல் முறை, குளிர்ந்த நாளுக்கும் கொதித்த நாளுக்கும் பதிவான ஓசோனின் சராசரியான 42.13 என்றே எழுதுகிறது. இரண்டாம் முறை, வெப்பம், காற்றின் வேகம் முதலியவற்றைக் கொண்டு ஓசோனை முன்கணிக்கிறது. அதை ஒட்டிய கணிப்பைப் பெற்ற ஐந்து நாள்களைத் தேடுகிறது. அவற்றுள் ஒன்றில் உண்மையாகவே பதிவான அளவைக் குலுக்கலில் எடுத்து இடுகிறது. மே 5 அன்று சூரியக் கதிர்வீச்சும் விடுபட்டிருப்பதால், ஒன்றை நிரப்பி அதன் துணையால் மற்றதை நிரப்ப வேண்டியிருக்கிறது. சுற்றுகள் பல தேவைப்படுவது இதனால்தான்.

விளைவும் அதற்கேற்பவே அமைகிறது. சராசரியிட்டபின் ஓசோனின் சராசரி மாறுவதில்லை. ஆனால் திட்டவிலக்கம் 32.99இலிருந்து 28.69ஆகச் சுருங்குகிறது, வெப்பத்துடனான ஒட்டுறவும் 0.70இலிருந்து 0.61ஆகத் தளர்கிறது. பன்முறை நிரப்புதலில் தரவின் இயல்பான பரவல் பெரும்பாலும் காக்கப்படுகிறது. ஆனால் கையில் மிஞ்சுவது ஒரு பட்டியல் அன்று, தம்முள் முரண்படும் ஐந்து பட்டியல்கள். அந்த முரண்பாடுதான் நமக்கு எவ்வளவு தெரியாது என்பதன் அளவுகோல்.

இதுவரை பகைவர்போல் தோன்றிய இரண்டும் எதிர்பாராத இடத்தில் உறவு காட்டுகின்றன. இரண்டாம் முறைக்குள் இயங்கும் உத்தியின் பெயரே முன்கணிப்புச் சராசரிப் பொருத்தம்; ஒத்த நாள்களைத் தேட அது அளக்கும் கோல், வெப்பமும் காற்றும் இன்னவாக இருந்தால் ஓசோன் சராசரியாக எவ்வளவு என்பதே. ஐந்து பிரதிகளையும் தனித்தனியே ஆய்ந்தபின், டொனால்ட் ரூபின் வகுத்த விதிப்படி விடைகளை ஒன்றாக்குகிறோமே, அதுவும் சராசரிதான். முதல் முறை தொடக்கத்திலேயே சராசரி எடுக்கிறது. ஐயம் அங்கேயே கரைந்துபோகிறது. இரண்டாம் முறை முடிவில் எடுக்கிறது. பிரதிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் பிழைக்கணக்கில் சேர்த்துக்கொண்ட பிறகே எடுக்கிறது. ஆக, இரண்டையும் பிரிப்பது சராசரி எடுக்கும் வேளை.

இன்னோர் உறவு, இரண்டுக்கும் பொதுவான எல்லை. பதிவான ஓசோனில் மிகக் குறைந்தது 1, மிக அதிகம் 168. எந்த முறையும் இந்த வேலியைத் தாண்டாது. ஓசோன் ஏறிய வேளைகளிலேயே கருவி செயலிழந்திருந்தால், எளிய முறையும் நுட்பமான முறையும் சேர்ந்தே வழி தவறும். எந்த நிரலை இயக்கினாலும், ஜூனின் 21 நாள்கள் ஏன் வெறுமையாயின என்ற கேள்வியை அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். விடையைத் தேட வேண்டிய இடம் அளவீட்டு நிலையம்.