ஊமையான கடற்கம்பி

அயர்லாந்தையும் நியூபவுண்லாந்தையும் இணைத்த முதலாவது கடலடித் தந்திக் கம்பி 1858 ஆகஸ்ட் 5இல் கரை சேர்ந்தது. விக்டோறியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதி புக்கானனுக்கு விடுத்த வாழ்த்து நூறு சொல்லுக்கும் குறைவானது. அது போய்ச் சேர ஏறத்தாழப் பதினாறு மணி நேரம் சென்றது. நியூயோர்க்கிலோ வாணவேடிக்கை மிகுந்து நகரமண்டபத்தின் உச்சியே தீப்பற்றிற்று!

தாமதத்திற்குக் காரணம் யாது? உள்ளே செம்பு, நடுவே மரப்பிசின் உறை, வெளியே கடல்நீர்; மூன்றுஞ் சேர்ந்து நெடியதொரு லைடன் சாடியாகி மின்னைத் தேக்கிக்கொள்ளும். கூர்மையாய்ப் புறப்பட்ட துடிப்பு மறுகரையில் மழுங்கி வெளிப்படும். நீளம் இருமடங்காயின் தாமதம் நான்மடங்காகும் என்று கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தொம்சன் முன்னரே கணித்திருந்தார். கம்பனியின் மின்னியலாளர் வைற்ஹவுஸ் அதனை ஏற்றிலர். அவர் பயின்ற தொழில் மருத்துவம். கம்பியிற் சுமார் 2,000 வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்தினார். நோயாளிகளுக்கும் இவ்வாறுதான் மருந்தளித்தாரோ, அறியோம். முன்னமே பழுதுற்றிருந்த உறை அதனைத் தாங்கவில்லை. கனடாவிலிருந்து இரு படைப்பிரிவுகள் புறப்பட வேண்டாமென்ற ஆணையைக் கொண்டுசென்று, பெருஞ்செலவைத் தவிர்த்த அக்கம்பி, செப்டெம்பர்த் தொடக்கத்தில் ஊமையாயிற்று.

தொம்சனின் ஆடிக் கல்வனோமானியோ மிகநுண்ணிய மின்னோட்டத்தையும் ஒளிப்புள்ளியின் அசைவாகக் காட்டவல்லது. பேரழுத்தம் அதற்கு வேண்டியதில்லை. 1866இல் ‘கிரேற் ஈஸ்ரேண்’ கப்பல் இட்ட கம்பியிற் செம்பின் நிறை ஏறக்குறைய மும்மடங்கு. அது நிமிடத்திற்குச் சுமார் எட்டுச் சொற்களைக் கொண்டுசென்றது.